பல்லுக் கம்பி கழற்றியாச்சு, இனி ரிடெய்னர்

போன மாதம் என் அக்கா மகளுக்குப் பல்லுக் கம்பி கழற்றினார்கள். இரண்டேகால் வருடம் போட்டிருந்தாள். கிளினிக்கிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள், பட்டர்வொர்த்தில் அந்த கிளினிக்குக்கும் எங்கள் தாமானுக்கும் பத்து நிமிடத் தூரம்தான். வந்ததும் வாயைத் திறந்து காட்டினாள், நாக்கால் பல்லைத் தடவித் தடவி "வழுக்குது சின்னம்மா" என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பையிலிருந்து ஒரு நீலப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே கண்ணாடி மாதிரி மெல்லிசாக இரண்டு உறை, மேல் பல்லுக்கு ஒன்று, கீழ்ப் பல்லுக்கு ஒன்று. அதுதான் ரிடெய்னர். "இதை எத்தனை மாசம் போடணும்?" என்று கேட்டாள். டாக்டர் சொல்லவில்லையா என்றேன். சொன்னாராம், சந்தோஷத்தில் இவளுக்குத்தான் எதுவும் காதில் ஏறவில்லையாம்.

எனக்கும் 11 வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் இருந்தது. கம்பி போய்விட்டது, பல் நேராகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். இன்றைக்கு என் கீழ் வரிசையில் முன்பல் ஒன்று லேசாகத் திரும்பி நிற்கிறது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது, எனக்குத் தினமும் தெரியும். அவளுக்கு அன்று உட்காரவைத்துச் சொன்னதையும், அப்புறம் யோசித்துப் பார்த்து விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கம்பி கழற்றப்போகிறவர்களுக்கும், பிள்ளைகளுக்குக் கம்பி போட்டுவிட்ட அம்மா அப்பாக்களுக்கும் உதவும்.

கம்பியின் வேலை பல்லை நகர்த்துவது. ரிடெய்னரின் வேலை, நகர்ந்த பல்லை அந்த இடத்திலேயே பிடித்து வைப்பது. அவ்வளவுதான். பல் நகர்ந்து போய் உட்கார்ந்த பிறகு அதை ஏன் பிடித்து வைக்க வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் வரும் கேள்வி, அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சுவரில் ஆணி அடித்த மாதிரி பல் எலும்பில் இறுகி நிற்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளி முழுக்க நுண்ணிய நார்கள். ஒரு முனை வேரில், இன்னொரு முனை எலும்பில். தூளியில் பிள்ளை தொங்குகிற மாதிரி, பல் அந்த நார்களில்தான் தொங்குகிறது. கம்பி ஒரு பக்கம் அழுத்தும்போது அந்தப் பக்கத்து எலும்பு மெல்லக் கரைகிறது, பல் விட்டுவந்த பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. இப்படித்தான் பல் மாதம் மாதமாக நகர்ந்து வருகிறது. கம்பியைக் கழற்றும் அன்று அந்தப் புது எலும்பு இன்னும் இளசாக இருக்கும், நார்கள் இழுபட்ட நிலையில் இருக்கும். வேரைச் சுற்றியிருக்கும் நார்கள் புது இடத்துக்குப் பழக மூன்று நான்கு மாதம் ஆகும். ஈறுக்குள் இருக்கும் நார்களுக்கு நான்கிலிருந்து ஆறு மாதம். ஈறுக்குள்ளேயே ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு வகை நார் இருக்கிறது, அது அடங்க ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை அது பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று நட்டால் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றிக் கட்டுகிறோம் இல்லையா, வேர் பிடிக்கும் வரை அந்தக் குச்சி வேண்டும். முதல் வருடத்தில் ரிடெய்னர் அந்தக் குச்சி. குறிப்பாக இரண்டு வகைப் பற்கள் திரும்பிப் போவதில் பிடிவாதமானவை. ஒன்று, சுழன்று கோணலாக இருந்து நேராக்கப்பட்ட பல். இன்னொன்று, மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்து மூடப்பட்ட இடைவெளி. உங்களுக்குக் கம்பி போடுவதற்கு முன் இவற்றில் ஏதாவது இருந்தது என்றால் ரிடெய்னர் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

சரி, ஒரு வருடம் போனதும் தூக்கிப் போட்டுவிடலாமா? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள், நானும் உட்பட. வயது ஏற ஏறப் பற்கள் தாமாகவே கொஞ்சம் நகரும், வாழ்நாளில் கம்பியே போடாதவர்களுக்கும் நகரும். கீழ் முன்பற்கள்தான் முதலில் நெருக்கியடிக்க ஆரம்பிக்கும். உங்கள் அப்பாவின் 25 வயதுப் படத்தையும் இப்போது அவர் சிரிப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும். கடைவாயில் முளைக்கும் ஞானப்பல்தான் முன்பற்களைத் தள்ளுகிறது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் இந்த நெருக்கடி வருகிறது, அதைப் பிடுங்கினால் நெருக்கடி நிற்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. ஆகவே முதல் வருடம் நார்களுக்காகப் போடுகிறோம், அதற்குப் பிறகு வயதுக்காகப் போடுகிறோம். எவ்வளவு காலம் என்று கேட்டால், பல் நேராக இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் காலம் வரை, ராத்திரியில் தூங்கும்போது. அக்கா மகள் இதைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டாள். ராத்திரி பல் விளக்குவதோடு சேர்த்துக்கொண்டால் அரை நிமிட வேலை என்று சொன்னேன், உண்மையும் அதுதான்.

முதல் மாதங்களில் எத்தனை மணி நேரம் போட வேண்டும் என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும். எனக்கு முதல் ஆறு மாதம் சாப்பிடும் நேரம், பல் விளக்கும் நேரம் தவிர நாள் முழுக்கப் போடச் சொன்னார்கள், அதன் பிறகு ராத்திரி மட்டும். அக்கா மகளுக்கு மூன்று மாதம்தான் முழு நேரம். சிலருக்கு ஆரம்பத்திலிருந்தே ராத்திரி மட்டும் போதும் என்கிறார்கள். உங்கள் பல் எப்படி நகர்த்தப்பட்டது என்பது உங்கள் டாக்டருக்குத்தான் தெரியும், ஆகவே அவர் சொன்ன கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் கணக்கை வேண்டாம். ஒன்றை மட்டும் நீங்களே கவனிக்கலாம். ராத்திரி போடும்போது இறுக்கமாக இருக்கிறது, காலையில் கழற்றும்போது பல் லேசாக வலிக்கிறது என்றால், பகலில் பல் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். போடும் நேரம் போதவில்லை.

ரிடெய்னரில் பொதுவாக மூன்று வகை. அக்கா மகளுக்குக் கொடுத்தது கிளியர் ரிடெய்னர், ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, உங்கள் பல்லின் அச்சு மேல் வைத்துக் காற்றை உறிஞ்சி ஒட்டவைத்துச் செய்வார்கள். 1993-இல் அமெரிக்க டாக்டர் ஜான் ஷெரிடன் இதைப் பற்றி எழுதிய பிறகு பரவலானது. வெளியே தெரியாது, பேச்சும் அதிகம் மாறாது. ஆனால் தேயும், கீறும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குச் சீக்கிரமே ஓட்டை விழும். இரண்டாவது, ஹாவ்லி. மேலண்ணத்தில் ஒட்டி உட்காரும் அக்ரிலிக் தட்டு, முன்பற்களுக்கு முன்னால் ஓடும் ஒரு எவர்சில்வர் கம்பி. சார்ல்ஸ் ஹாவ்லி என்ற அமெரிக்க டாக்டர் நூறு வருடத்துக்கு முன் வடிவமைத்தது, இன்றும் அதே வடிவம்தான். கெட்டியானது, பல வருடம் உழைக்கும், தளர்ந்தால் டாக்டர் கம்பியை முடுக்கிக் கொடுப்பார். போட்ட முதல் வாரம் பேச்சு குழறும், எச்சில் ஊறும். எனக்கு முதலில் இதைத்தான் கொடுத்தார்கள். "ஸ" சொன்னால் காற்றாகப் போகும், "ழ" வரவே வராது. ராத்திரி பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் சத்தமாக வாசித்தேன், ஐந்தாம் நாள் சரியாகிவிட்டது. மூன்றாவது வகை, பல்லின் பின்பக்கம் நிரந்தரமாக ஒட்டிவிடும் மெல்லிய கம்பி. அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

இப்போது, ரிடெய்னர் எங்கே தொலைகிறது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொலைகிறது. சாப்பாட்டு மேசையில். கழற்றாமல் சாப்பிட முடியாது, கிளியர் ரிடெய்னரோடு சோறு மென்றால் அது உடையும். கழற்றினால் எங்கே வைப்பது? பெட்டி வீட்டில் இருக்கும். டிஷ்யூவில் சுற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைப்போம்.

ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் கடை. மத்தியானக் கூட்டம், எதிரில் என் கூட்டாளி, இரண்டு பேரும் பேசிக்கொண்டே குழம்பு பஞ்சிராக, அதாவது வெள்ளமாக, ஊற்றிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் மேசை துடைத்துச் சுத்தமாக இருக்கிறது, அடுத்த ஆள் தட்டோடு உட்கார்ந்துவிட்டார். மேசை துடைத்த தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை, கசங்கிய டிஷ்யூவை யார் பிரித்துப் பார்ப்பார்கள்? அவரே கடைக்குப் பின்னால் கூட்டிப்போய், இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வாளி முழுக்க எலும்பையும் எச்சில் டிஷ்யூவையும் எனக்காகக் கிளறினார். கிடைக்கவில்லை. மாதக் கடைசி, கையில் காசு இல்லை, சம்பளம் வந்து, அப்பாய்ன்ட்மென்ட் கிடைத்து, புதுசு செய்து கைக்கு வர மூன்று வாரம் ஆகிவிட்டது. அந்த மூன்று வாரத்தில் திரும்பிய பல்தான் முதலில் சொன்னேனே, அது.

அதனால் பெட்டி எப்போதும் கூடவே இருக்க வேண்டும். வாயில் இருக்கிறது, இல்லையென்றால் பெட்டியில் இருக்கிறது, மூன்றாவது இடம் கிடையாது. சட்டைப் பை வேண்டாம், கால்சட்டைப் பின் பை வேண்டவே வேண்டாம், உட்கார்ந்தால் நொறுங்கும். காரில் டாஷ்போர்டு மேல் வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் பிளாஸ்டிக் வளைந்து போகும். வீட்டில் நாய் இருந்தால் கட்டில் ஓரத்தில் வைக்காதீர்கள், எச்சில் வாசனைக்கு வந்து கடித்துவிடும். நீச்சல் குளத்துக்கோ பத்து ஃபிரிங்கி கடலுக்கோ போனால் தண்ணீரில் இறங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு ரதத்தோடு நடக்கிறவர்கள் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள், வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தலில் சர்பத்தும் மோரும் கொடுப்பார்கள், குடிக்காமல் வர மனது வராது. அலகு குத்தும் தம்பிகள் ரிடெய்னரைப் பெட்டியில் போட்டு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

குடிப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. ரிடெய்னர் போட்டிருக்கும்போது பச்சைத் தண்ணீர் மட்டும்தான். மிலோ ஐஸ், சிராப், தே தாரிக் எதுவும் வேண்டாம். சாதாரணமாக இனிப்பு குடித்தால் எச்சில் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். கிளியர் ரிடெய்னருக்குள் சர்க்கரைத் தண்ணீர் புகுந்தால் எச்சில் அங்கே போக முடியாது, பல் மணிக்கணக்கில் சர்க்கரையில் ஊறிக்கொண்டிருக்கும், சொத்தைக்கு அதைவிட வேறென்ன வேண்டும். தே தாரிக்கில் சர்க்கரையோடு சூடும் சாயமும் சேர்ந்தே இருக்கிறது. மஞ்சள் போட்ட குழம்பு சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிக்காமல் ரிடெய்னரைப் போட்டாலும் இரண்டே நாளில் ஓரமெல்லாம் மஞ்சள் ஏறிவிடும். வெளியில் பல் விளக்க முடியாவிட்டால் நன்றாகக் கொப்பளித்துவிட்டாவது போடுங்கள்.

சுத்தம் செய்வது சுலபம், ஆனால் தப்பாகச் செய்வதும் சுலபம். வாயிலிருந்து எடுத்ததும் காய்வதற்கு முன் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷில், அதற்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு தொட்டு உள்ளும் புறமும் தேய்த்து நன்றாக அலசினால் போதும். பற்பசை வேண்டாம். பற்பசையில் தேய்க்கும் துகள்கள் இருக்கின்றன, பல்லுக்குச் சரி, பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், கீறலுக்குள் கிருமி தங்கும், பிளாஸ்டிக் மங்கிப்போகும், வாடை வரும். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை பல்செட் ஊறவைக்கும் மாத்திரை போடலாம். பொலிடென்ட் மாதிரி ஃபார்மசியில் எல்லாம் கிடைக்கும், மாத்திரைப் பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்துக்கு ஊறவைத்து, பிரஷ் போட்டு, நன்றாகக் கழுவிய பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். துணி வெளுக்கும் குளோராக்ஸ் கலந்து ஊறவைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், வாயில் வைக்கிற பொருள். சில பேருடைய ரிடெய்னரில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படியும், நகத்தால் சுரண்டினாலும் வராது. அது எச்சிலில் இருக்கும் உப்புகள் படிந்து இறுகிய காரை. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து கால் மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் விட்டுவிடும். பெட்டியையும் கழுவ வேண்டும், இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஈரத்தோடு மூடி வைத்த பெட்டியை இரண்டு நாள் கழித்துத் திறந்து பாருங்கள், காரணம் புரியும்.

சூடு மட்டும் ஆகவே ஆகாது. நான் இரண்டாவதாகச் செய்துகொண்டது கிளியர் ரிடெய்னர். ஒரு நாள் காய்ச்சலாகப் படுத்திருந்தேன், அம்மா என் மேல் உள்ள அக்கறையில், கிருமி சாகட்டும் என்று அதை ஒரு டம்ளரில் போட்டு பிளாஸ்கிலிருந்து கொதிதண்ணீரை ஊற்றிவிட்டார். பிள்ளைகளின் பால் போத்தலை அப்படித்தானே கழுவுவோம், அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. திரும்ப நேராக்க வழியே கிடையாது. கை பொறுக்கும் வெதுவெதுப்பு வரை சரி, அதற்கு மேல் போகக்கூடாது. பாத்திரம் கழுவும் மெஷினிலும் போடக்கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கழற்றும் விதமும் இருக்கிறது. முன்பக்கத்தில் நகத்தை விட்டு நெம்பாதீர்கள். இரண்டு கை ஆள்காட்டி விரலையும் கடைவாய்ப் பக்கம் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறக்கி, அப்புறம் முன்பக்கத்தை எடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் சில மாதத்தில் நடுவில் கோடு விழுந்து பிளக்கும். ஹாவ்லியை முன்கம்பியைப் பிடித்து இழுக்கக்கூடாது, நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடவும் கூடாது, கம்பி தளர்ந்துவிடும். போடும்போது விரலால் அழுத்திப் போடுங்கள், பல்லைக் கடித்து உள்ளே ஏற்றாதீர்கள். சரியாக உட்கார்ந்தால் சின்னதாக ஒரு "டிக்" கேட்கும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இடைவெளி தெரியக்கூடாது.

இனி ஒட்டிய கம்பி. கீழ் முன்பற்கள் ஆறுக்கும் பின்னால், ஒரு கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல் வரை, பல இழைகள் முறுக்கிய மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லிலும் பல் நிறப் பசையால் ஒட்டுவார்கள். இடைவெளி இருந்தவர்களுக்கு மேல் பல்லிலும் ஒட்டுவதுண்டு. மறதி, தொலைதல் என்ற பேச்சே இல்லை, அதனால் இதுதான் நல்லது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், ஒழுங்காகப் பல் விளக்குகிறவர்களுக்கு நல்லது, அவசரமாக விளக்குகிறவர்களுக்குத் தொந்தரவு. நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் துவாரங்கள் இருக்கின்றன, அதனால் கீழ் முன்பல்லின் பின்பக்கத்தில்தான் காரை அதிகம் படியும், கம்பியும் அங்கேயே இருந்தால் காரை பிடித்துக்கொள்ள வசதியாகப் போய்விடும். சாதாரண ஃபுளோஸ் மேலிருந்து நுழையாது. சூப்பர் ஃபுளோஸ் என்று ஒரு முனை விறைப்பாக இருக்கும் நூல் கிடைக்கிறது, ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி கம்பிக்கு அடியில் கோர்த்து இழுக்க வேண்டும். பல்லிடுக்கு பிரஷ்ஷும் உதவும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல் சுத்தம் செய்துகொள்ளுங்கள், கிளினிக் பெர்கிகியான் என்று போர்டு போட்ட அரசாங்கப் பல் கிளினிக்கில் குறைந்த கட்டணத்திலேயே செய்வார்கள்.

ஒட்டிய கம்பியில் பெரிய ஆபத்து, அது சத்தமில்லாமல் விட்டுப்போவது. ஆறு பல்லில் ஒன்றில் மட்டும் பசை விட்டுவிடும், மற்ற ஐந்தில் ஒட்டியிருப்பதால் கம்பி ஆடாது, உங்களுக்குத் தெரியாது, அந்த ஒரு பல் மட்டும் மெல்ல நகர ஆரம்பிக்கும். பல் விளக்கும்போது நாக்கு நுனியால் கம்பி நெடுகத் தடவிப் பாருங்கள், எங்காவது கூர்மையாகக் குத்தினாலோ, பசையின் மேடு காணாமல் போயிருந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். கம்பி வளைந்துவிட்டால் ஒட்டியிருக்கும்போதே பல்லை வேறு பக்கம் தள்ளும், ஆகவே முன்பல்லில் கடினமானதைக் கடிக்கக்கூடாது. பொங்கல் கரும்பைக் கத்தியால் சின்னத் துண்டாக நறுக்கிக் கடைவாயில் மெல்லுங்கள், தீபாவளி முறுக்கைக் கையால் உடைத்துத் தின்னுங்கள். சில டாக்டர்கள் ஒட்டிய கம்பியும் போட்டு, ராத்திரிக்கு ஒரு கிளியர் ரிடெய்னரும் கொடுப்பார்கள், கம்பி விட்டுப்போனாலும் உறை காப்பாற்றும் என்பதற்காக.

கொஞ்ச நாள் போடாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது? முதலில் போட்டுப் பாருங்கள். இறுக்கமாக இருந்தாலும் முழுசாக உட்கார்கிறது என்றால், இறுக்கம் தளரும் வரை பகலும் இரவும் போடுங்கள். முழுசாக உட்காரவில்லை, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் வற்புறுத்தி ஏற்ற வேண்டாம், கத்தரிக்கோலோ நகவெட்டியோ வைத்து ஓரத்தை வெட்டவும் வேண்டாம். எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். தொலைந்துவிட்டால் அன்றைக்கே போன் போடுங்கள். முதல் வருடத்தில் ஒவ்வொரு நாளும் கணக்கு. நான் சம்பளத்துக்குக் காத்திருக்காமல் கிளினிக்கில் நிலைமையைச் சொல்லியிருந்தால் தவணையில் கட்டக்கூட விட்டிருப்பார்கள், கேட்கத் தோன்றவில்லை. புதுசு செய்யச் சில நூறு ரிங்கிட் ஆகும், மறுபடி கம்பி போடுவதற்கு ஆயிரக்கணக்கில் ஆகும்.

கம்பி கழற்றும் அன்றே உங்கள் பல்லின் அச்சு மாதிரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இப்போது நிறைய இடத்தில் ஸ்கேன் செய்கிறார்கள், அப்படியென்றால் அந்த ஃபைலை வைத்திருப்பார்களா என்று கேளுங்கள். பல் நேராக இருந்த நாளின் அச்சு இருந்தால், தொலைந்தாலும் அதே அளவில் உடனே இன்னொன்று செய்துவிடலாம். முடிந்தால் ஆரம்பத்திலேயே இரண்டு ஜோடி செய்துகொள்வது இன்னும் நல்லது. வேறு எதற்காகவாவது பல் டாக்டரிடம் போனாலும் ரிடெய்னரை எடுத்துக்கொண்டு போங்கள். பல் அடைப்பதோ, பல்லுக்கு மேலே கிரவுன் என்ற உறை போடுவதோ நடந்தால் பல்லின் வடிவம் மாறும், பழைய ரிடெய்னர் உட்காராமல் போகலாம்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஆன்லைனில் மலிவாக விற்கிறார்கள் என்று ரிடெய்னர் வாங்காதீர்கள். கலர் கலராக, மினுமினுப்பாக, அழகுக்குப் போடுகிற மாதிரி விற்பார்கள். சிலர் வீட்டுக்கே வந்து அச்செடுத்துச் செய்து தருவதாகச் சொல்வார்கள். மலேசியாவில் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர்தான் இந்த வேலையைச் செய்யலாம், பெயரை மன்றத்தின் இணையப் பக்கத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பதிவில்லாமல் கிளினிக் நடத்தினால் தனியார் மருத்துவ வசதிகளுக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அளவு பொருந்தாத ரிடெய்னர் சும்மா இருக்காது, அதன் போக்கில் பல்லைத் தள்ளும், ஈறைக் குத்திப் புண்ணாக்கும். பல் ஏற்கெனவே நகர்ந்த பிறகு அச்செடுத்துச் செய்தால், கோணலாக நிற்கும் பல்லைக் கோணலாகவே பிடித்து வைக்கும்.

அக்கா மகளுக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்த நீலப் பெட்டியின் அடியில் பெர்மனன்ட் மார்க்கரால் என் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அவள் நம்பரை எழுதவில்லை, வகுப்பு நேரத்தில் அவள் போனை எடுக்க மாட்டாள். போன வாரம் டியூஷன் முடிந்து தோழிகளோடு தோசை சாப்பிட்ட கடையிலேயே பெட்டியை விட்டுவிட்டு வந்துவிட்டாள். ராத்திரி ஒன்பதரைக்குக் கடைக்கார அம்மா என்னைக் கூப்பிட்டார். "பல்லுப் பெட்டி ஒண்ணு இங்க இருக்கும்மா. கல்லாப் பக்கத்துல எடுத்து வச்சிருக்கேன், பத்து மணி வரைக்கும் கடை இருக்கும், வந்து எடுத்துக்குங்க."